தகரத்தைத் தட்டினால் நிற்க வேண்டிய ஜீப்பு

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் அழகுமலையின் வண்டி மட்டும் கண்ணில் படுமுன்பே காதைக் கிழித்துவிடும். கம்பெனி சைலன்சரைக் கழற்றிக் கடாசிவிட்டு வெறும் குழாயை மாட்டியிருந்தான். போடிமெட்டுப் பாதையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கினால் எதிரே வருகிறவனுக்குச் சத்தமாவது கேட்கட்டும் என்பது அவன் கட்சி. அதில் பாதி நியாயம், மீதி ஜம்பம்.

அடிவாரச் செக்போஸ்டில் ஆய்வாளர் ஒருமுறை பிடித்து அபராதம் போட்டார். "சைலன்சரை மாத்துறது குத்தம்யா. அடுத்த தடவை லைசென்சே மூணு மாசத்துக்குப் போயிரும்" என்றார். அதிலிருந்து சாயங்காலம் இறங்கும்போது, செக்போஸ்டுக்கு முந்தின வளைவிலேயே இஞ்சினை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி உருட்டிக்கொண்டு போவான். பின்னால் தோட்டத்து வேலைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பின்னால் இருப்பவர்கள் வண்டியை நிறுத்தத் தகரத்தைத் தட்டுவது வழக்கம். அழகுமலைக்குக் கேட்க வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து தட்ட வேண்டும். அதையும் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, மஞ்சு ரோட்டையே மூடியிருந்தது. வளைவில் ஏறும்போது அழகுமலை சும்மா கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் அத்தனை பேரும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி இரண்டு கையாலும் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தான். அப்புறம்தான் அலறல் கேட்டது.

"சுகன்யா விழுந்துட்டாண்ணே! ரெண்டு வளைவுக்கு முன்னாடியே விழுந்துட்டா!"

சுகன்யா வேலைக்குப் புதிது, கடைசி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள். கீழே மஞ்சுக்குள் ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. அந்த ரோட்டில்தான் அவள் கிடக்கிறாள். அழகுமலை இறங்கி ஓடினான். பாதி வழியில் லாரிச் சத்தம் நின்றுபோனது. ஏன் நின்றது என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கு ஒரு முழம் தள்ளி லாரி நின்றிருந்தது. சுகன்யா ரோட்டுத் தடுப்புச் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். முழங்கை பிய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"கத்துனேண்ணே" என்றாள். "நீங்க பாட்டுக்குப் போயிட்டீக."

அன்றைக்கே அழகுமலை கம்பெனி சைலன்சர் வாங்கி மாட்டினான். இப்போது ஆய்வாளரைக் கண்டு அவனுக்குப் பயமில்லை. ஆனால் நல்ல வெயிலிலும், நட்டநடு மலையில் திடீரென்று பிரேக்கை மிதித்துவிடுகிறான்.

"யாரு தட்டுனது?"

சுகன்யா இப்போதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால்தான் உட்காருகிறாள்.

"யாரும் தட்டலைண்ணே. எல்லாரும் இருக்கோம். போங்க."