பில்லில் பேர் இல்லாதவள்

அறுபதுகளில் நான் மாட்டுங்காவிலிருந்து ஃபோர்ட்டுக்கு ரயிலேறிப் போகும் ஸ்டெனோ. மாநிலத்தின் மின்கட்டணத்தை முடிவு செய்யும் கமிட்டியில் வேலை. அங்கே ஒரு விதி: பில் யார் பேரில் வருகிறதோ அவர் மட்டுமே கட்டணத்தைப் பற்றி வாய் திறக்கலாம். தாராவியிலோ ஒருத்தன் பேரில் இருக்கும் ஒரே மீட்டரிலிருந்து பத்திருபது குடிசைகளுக்கு வயர் போகும். பல்புக்கு இவ்வளவு என்று மீட்டர்காரன் வைத்ததுதான் ரேட். அந்தக் குடிசைக்காரர்கள் கமிட்டியின் கண்ணில் மனிதர்களே இல்லை. அந்த விதியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதிதாக வந்த தலைவர் அதை மாற்ற நினைத்தார். மின்சாரக் கம்பெனி வக்கீல் விடவில்லை. இப்படி வயர் வாங்குகிறவர்கள் இருப்பதற்குச் சாட்சி எங்கே என்றார். சாட்சி சொல்ல வந்தவள் ஒரே ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கத்தவள். ஜன்னல் இல்லாத அறையில் பகலிலும் பல்பைப் போட்டுக்கொண்டு சட்டைக் காலர் தைப்பவள். மீட்டர்காரனும் வந்து பின்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: மீட்டர் யார் பேரில் இருக்கிறது?

அவள் பேசவில்லை. மறுபடி கேட்டார். தலையைக் குனிந்துகொண்டாள். பொய்ச் சாட்சி என்று வக்கீல் சிரித்தார். தலைவர் பேனாவை மூடிவிட்டார்.

"ஏம்மா, அவன் பேர் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்க்கா. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் அதே பேருதான். நான் எப்பிடி வாயால சொல்லுவேன்?"

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என் புருஷன் பேரை நானும் எழுதுவேனே தவிரச் சொன்னதில்லை. விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். நல்ல கதை என்றார் வக்கீல்.

அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. விருட்டென்று எழுந்தாள்.

"பேரச் சொல்ல மாட்டேன். ஆளக் காட்டுதேன். அந்தா உக்காந்திருக்காம்லா, அவந்தான்!"

எல்லாத் தலையும் பின்வரிசைக்குத் திரும்பியது. இவளுக்கு வயர் போவது உன் மீட்டரிலிருந்தா என்று தலைவர் கேட்க, அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வெளியே போகும்போது அவளை முறைத்துக்கொண்டே போனான்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கே வயர அறுத்துட்டாம்னா, இந்த ஐயா வந்து மாட்டித் தருவாகளாக்கா?"

அதையும் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவர் வக்கீலுக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனி என்ஜினீயரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். டீ குடிக்க எழுந்துவிட்டார்கள்.

சில மாதங்களில் விதி மாறியது. புதிய விதியை டைப் அடித்தது நான்தான். அவள் வீட்டு வயர் சாட்சி சொன்ன அன்று சாயங்காலமே அறுபட்டிருந்தது. மாட்டித் தர யாரும் போகவில்லை.