பெஞ்சத் திருப்பிப் பாத்தேன், அடுப்ப நகர்த்திப் பாத்தேன்

ஏ.ஈ.ஓ. சார் கேள்விய முடிக்கலீங்க, தகரக் கூரை மேல மழை எறங்கிடுச்சு. வாத்தியார் வேலைக்கு வாய்தான் முதல். தகரத்து மேல ஆடி மாசத்து மழை விழுந்தா அந்த முதலும் போச்சு. குமுளிக்கு மேல டீ எஸ்டேட்ல ஒரே ரூமு, அதுக்குள்ள நாலு கிளாஸ், எல்லாத்துக்கும் ஒத்த வாத்தியாரா நான். பள்ளிக்கூடத்தப் பரிசோதிக்க வந்த அந்த ஆபீசர் மலையாளத்துக்காரர்னாலும் தமிழ் நல்லாவே பேசுவார். என்ன பிரயோஜனம், அவர் கத்துறது முன் பெஞ்சுக்கே கேக்கல.

சரி, போர்டுல எழுதிக் கேப்போம்னு சாக்பீஸ எடுத்தார். மூடுபனி உள்ள வந்து போர்டெல்லாம் ஈரம். எழுத்தே விழல. மூணாங்கிளாஸ் பேச்சியம்மாளப் புஸ்தகம் வாசிக்கச் சொன்னார். அவ எந்திரிச்சு நின்னு ஒரு பாடம் முழுக்க வாசிச்சா, உதடு அசைஞ்சது எனக்குத் தெரிஞ்சது. அவருக்கு அது போதல. இந்தத் தமிழ் டிவிஷன மூடிட்டா பிள்ளைங்க யானை நடமாடற காட்டு வழியா கீழ இருக்கற மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும். எவ அனுப்புவா? எல்லாம் வீட்டோட நின்னுடும். அது தெரிஞ்சுதான் நான் அவர் பின்னாலயே வாசல் வரைக்கும் போனேன். மழை கொஞ்சம் விட்டதும் குடைய விரிச்சுக்கிட்டே சொன்னார்:

"மாஷே, குட்டிகள் படிக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஓணம் கழிஞ்சு வரேன். அப்பவும் இப்படின்னா டிவிஷன கீழ கொண்டு போய்ச் சேத்துர வேண்டியதுதான்."

வெளிச்சம்

அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேங்க. படிப்பு ஏறாததுக்குப் பிள்ளைங்க மட்டுமா காரணம்? ரூமுக்கும் பங்கு இருக்கணுமில்ல? மொதல்ல கண்ணுல பட்டது ஜன்னல். பிள்ளைங்க அதப் பாத்து உக்காந்திருந்துச்சுங்க. போர்டு ஜன்னலுக்குப் பக்கத்துலயே. கண்ணு கூசுமா கூசாதா? போர்ட எதிர்ச் சுவருக்கு மாத்தி, பெஞ்சு எல்லாத்தையும் அந்தப் பக்கம் திருப்பிட்டேன். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால இருந்து புஸ்தகத்துல அழகா விழுந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் பத்து மணிக்குப் பேச்சியோட அம்மா மாரியம்மா முதுகுக் கூடையோட வாசல்ல வந்து நிக்கறாங்க. பின்னால இன்னும் நாலு பேரு. எதிர் மேட்டுலதான் அவங்களுக்குக் கொழுந்து கிள்ற வேலை. அங்க இருந்து ஜன்னல் வழியா அவங்கவங்க பிள்ளையப் பாத்துக்கிட்டே கிள்றது வழக்கமாம். யாரும் என்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல.

"பாடம் நடத்துங்க சார், வேண்டாங்கல. எம்புள்ள மூஞ்சி எனக்குத் தெரியணும். முதுகப் பாத்துக்கிட்டு எவளால கொழுந்து கிள்ள முடியும்?"

வாசனை

பெஞ்சக் குறுக்குவாட்டுல போட்டு ரெண்டு பக்கத்தையும் சமாதானம் பண்ணினேன். அடுத்தது உப்புமா. மத்தியானத்துக்கு ரூம் ஓரத்துலயே கிண்டுவாங்க. கடுகு வெடிச்சதும் கணக்குப் பாடம் செத்துப் போயிடும். மூக்கு எல்லாம் ஒரே திசையில திரும்பும். சமையல் பண்ற செல்லத்தாயி அக்காகிட்ட, அடுப்பக் காத்து நம்ம பக்கம் வராத எடமாப் பாத்து வெளிய வெக்கச் சொன்னேன்.

மலைக் காத்துக்கு ஒரு திசையா இருக்கு? மூணு எடம் மாத்தினாங்க. மூணுலயும் வாசனை வந்துச்சு. போதாததுக்குப் பிள்ளைங்க அடுப்பு எங்க போச்சுன்னு தேடி எட்டிப் பாக்க ஆரம்பிச்சுதுங்க. நாலாவது தடவ நான் வாயத் தொறந்தப்ப அக்கா கரண்டியக் கீழ வெச்சுட்டாங்க.

"காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு தெனம் நீங்களே முன்னால போங்க சார், நான் அடுப்பத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வாரேன்."

கணக்கக் காலைல முதல் பாடமா மாத்திட்டேன். கடுகு வெடிக்கற நேரத்துக்குப் பாட்டு. பாடிக்கிட்டே மோந்து பாக்கலாமே.

மரியாதை

நான் பாலக்காட்டுக்குக் கெழக்க, கொழிஞ்சாம்பாறப் பக்கம். எங்க ஊர்ல சின்னப் பிள்ளையக்கூட "வாங்க கண்ணு, உக்காருங்க"ன்னுதான் கூப்பிடுவோம். இங்கயும் அப்படித்தான் கூப்பிட்டேன். கேள்வி கேட்டா ஒரு பிள்ளையும் வாயத் தொறக்காது. தலையக் குனிஞ்சுக்கும். எனக்குப் புரியவேயில்ல. படிப்புத்தான் வரலையோன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டிருந்தேன்.

இருங்க, பெல்லடிச்சுட்டு வந்துடறேன்.

ம், விட்ட எடத்துல இருந்து சொல்றேன். ஒரு நாள் பேச்சியம்மாகிட்டயே நேராக் கேட்டுட்டேன், ஏனுங்க கண்ணு பேச மாட்டேங்கறீங்கன்னு. எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற அந்த லயத்துல "வாங்க"ங்கறது மேனேஜருக்கும் கல்யாணத்துக்கு வர்ற சம்மந்திக்கும் மட்டும்தானாம். அவ தரையப் பாத்துக்கிட்டே சொன்னா:

"ஏட்டின்னே கூப்பிடுங்க சார். 'வாங்க'ன்னா எதுக்கோ திட்டப் போற மாதிரியே இருக்கு."

சத்தம்

ஏட்டி, ஏலேன்னு கூப்பிடப் பழகறதுக்கு என் நாக்கு பட்ட பாடு தனிக் கதை. ஆனா பிள்ளைங்க பேச ஆரம்பிச்சுதுங்க. மிச்சம் இருந்தது மழைச் சத்தம். எஸ்டேட் ஆபீசுல கேட்டா, கூரை எஸ்டேட் சொத்து, தொடக் கூடாதுன்னாங்க. தொட வேண்டாமே, மேல புல்லப் பரப்பினா என்னன்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை அப்பன்மாரெல்லாம் சேந்து கட்டுக் கட்டா அறுத்துட்டு வந்து தகரத்து மேல பரப்பி மூங்கில் வெச்சுக் கட்டினாங்க. அடுத்த மழைக்கு உள்ள என் குரல் எனக்கே கேட்டுச்சுங்க. புதுசா இருந்துச்சு.

ரூமு சரிவுல மண்ணை வெட்டிக் கட்டினது. பின்பக்கக் கூரை மேட்டோட சமமா நிக்கும். ஒரு நாள் வாய்ப்பாடு சொல்லிட்டிருக்கறப்ப மேல சரக் சரக்னு சத்தம். போய்ப் பாத்தா, ஒரு பசு மேட்டுல நின்னுக்கிட்டு நிதானமாக் கூரையத் தின்னுட்டிருக்கு. பாதி முடிஞ்சுபோச்சு. மாட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணன் பக்கத்துலயே பீடி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

"பள்ளிக்கூடம்னு அதுக்குத் தெரியுமா சார்? நீங்க புல்ல வெச்சீக, அது மேயுது."

ஓணம் கழிஞ்சு

மிச்சம் இருந்த பாதிக் கூரைக்குக் கீழ நாலு கிளாஸையும் நெருக்கி உக்கார வெச்சேன். போர்டுக்குக் கரி அரைச்சுப் பூசி, காஞ்ச துணியால மூடி வெச்சேன். ஏ.ஈ.ஓ. சார் வந்த அன்னிக்கு மழையே இல்ல. நல்ல வெயில்.

முதல் கேள்வி கேட்டார். பேச்சியம்மா என் மூஞ்சியப் பாத்தா. அடுத்த பையனும் என் மூஞ்சியப் பாத்தான். மழையில காது கேக்காம என் வாயப் பாத்தே படிச்ச பிள்ளைங்க, வேற எங்க பாக்கும்? என்னையறியாம பதிலச் சொல்லி வாய் அசைஞ்சுடுச்சு. அத அவரும் பாத்துட்டார். வெளிய போய் நில்லுங்கன்னார்.

நின்னேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. போச்சு, சாயந்திரம் மாரியம்மா மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு நெனச்சேன். அப்புறம் மெதுவா ஒரு குரல், ரெண்டு குரல். வாசிக்கற சத்தம். கணக்குச் சொல்ற சத்தம். உங்க ஊர்ல யானை வருமா சார்னு யாரோ அவரையே கேக்கறது. சிரிப்பு. ரொம்ப நேரம் கழிச்சு, கையில ஒட்டின சாக்பீஸ் பொடியத் தட்டிக்கிட்டு வெளிய வந்தார்.

"டிவிஷன் இங்கயே இருக்கட்டும் மாஷே. ஆனா, அடுத்த தடவை நான் வரும்போது நீங்க முதல்லயே வெளிய நின்னுக்கோங்க."

இப்பெல்லாம் ஆபீசர் வர்றார்னு தகவல் வந்தா நான் மொதல்ல பண்ற ஏற்பாடு, எனக்கு வெளிய நிக்கறதுக்கு ஒரு நல்ல நெழல் பாத்து வெச்சுக்கறதுதானுங்க.