சூரியனுக்குள் நின்ற ஆள்

ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவர்களுக்குக் கை வெளுப்பதே இல்லை. முப்பது வருடமாக மெஷின்களின் வயிற்றுக்குள் கையை விட்டு, இவருடைய நகக்கண்களில் டோனர் என்கிற கறுப்புப் பொடி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அதனால் எல்லோருக்கும் அவர் ‘டோனர்’. கோபம் வந்தால் சொந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுவாள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஒருமுறை கூடி வந்து கலைந்தது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்காவும் மாமாவும் கீழே இருக்க, மாடியில் இவருக்கு ஓர் அறை. அறைக்கு வெளியே மொட்டை மாடி.

ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மெஷின் பார்க்கப் போனபோது, ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டிருந்த குமாஸ்தா ஒரு நீளக் குழாயைக் காட்டினார். “இதையும் தூக்கிட்டுப் போயிடுங்க சார், பத்து வருஷமா இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது.” அது டெலஸ்கோப். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிக்கண்ணாடி, பக்கவாட்டில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. டோனர் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

இரவில் பார்க்க அந்தத் தெருவில் ஒன்றுமில்லை. தெருவிளக்கும் விளம்பரப் பலகைகளும் சேர்ந்து வானத்தைக் கலங்கிய தண்ணீர் மாதிரி ஆக்கி வைத்திருந்தன. போதாக்குறைக்கு எட்டரை மணிக்கெல்லாம் இவருக்குக் கண் சொருகிவிடும். மிச்சமிருந்தது சூரியன். அதுவும் ஒரு நட்சத்திரம்தானே, வீடு தேடி வேறு வருகிறது என்று முடிவு செய்தார்.

டெலஸ்கோப்போடு கண்ணருகே திருகிப் பொருத்துகிற ஒரு கறுப்புச் சில்லும் வந்திருந்தது, சூரியனைப் பார்ப்பதற்காக. அதை முதல் நாளே சுத்தியலால் பொடியாக்கிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டார். குவிந்த வெயிலில் அது ஒருநாள் படீரென்று விரியும். அந்த நேரம் பார்த்துக் கண் அங்கேதான் இருக்கும்.

“உங்க மாமாவோட இடுப்பு எக்ஸ்ரே சும்மாதானே கிடக்கு, அதை முன்னாடி ஒட்டிக்கோயேன்” என்றாள் அக்கா.

“அதுல வெளிச்சம்தான்க்கா குறையும். சூடு உள்ள வந்துடும். கண்ணுக்கு உள்ளே வலியே தெரியாது. வலிக்காமலே போயிடும்.”

“எது?”

“பார்வை.”

அக்கா எக்ஸ்ரேயை மறுபடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

காசு கொடுத்துப் புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று. இதற்கென்றே செய்த, வெள்ளி பூசிய மெல்லிய தாள். பார்த்தால் முகம் தெரியும். பிஸ்கட் டப்பா மூடியை வளையமாக வெட்டி, அதில் தாளை இழுத்துப் பிடிக்காமல் தொய்வாக ஒட்டினார். பல்புக்கு எதிரே பிடித்து ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தார். காற்று தூக்கிவிடாதபடி குழாயின் வாயில் மூன்று ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். பக்கத்தில் இருந்த சின்னக் குறிபார்க்கும் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு அட்டைத் துண்டுகளை வைத்தார்: முன் அட்டையில் ஒரு துளை, பின் அட்டையில் பேனாவால் ஒரு வட்டம். துளை வழியாக விழும் வெயில் புள்ளி வட்டத்துக்குள் நின்றால், சூரியன் குழாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தம். செத்துப்போன ஒரு மெஷினின் பேரிங்கை அடியில் பொருத்தியதால், விரலால் தொட்டாலே குழாய் திரும்பியது. தலையில் போர்த்திக்கொள்ளக் குடைத்துணி.

முதல்முறை குனிந்து பார்த்தார். சுற்றிலும் கும்மிருட்டு. நடுவில் ஒரு வெள்ளை வட்டம், அதில் மிளகு சிதறியது போலக் கரும்புள்ளிகள். அந்தத் தாள் சூரியனைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது. மரமோ வீடோ எதுவும் தெரியாது. கண்ணாடி எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும், அவ்வளவுதான் குறை. தினமும் ஐந்தரைக்கு வீடு திரும்பியதும் மாடிக்கு ஏறி, வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் புள்ளிகளை வரைந்து தேதி போடுவார்.

ஒரு திங்கட்கிழமை மெதுவாக நகரும் பெரிய புள்ளி ஒன்றை விட மனமில்லாமல் சூரியன் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே நானூறு மீட்டர் தள்ளி, மூடிக் கிடக்கும் பழைய டெலிபோன் அலுவலகம். நீளமான நாலு மாடிக் கட்டிடம். அதன் மாடி விளிம்பு, தலைகீழ்க் காட்சியில் மேலிருந்து கறுப்புத் திரை இறங்குவது போல வட்டத்துக்குள் வந்தது. அந்தத் திரையிலிருந்து ஏதோ ஒன்று வௌவால் மாதிரித் தொங்கியது. ஏதோ குழாய் என்று நினைத்தார்.

குழாய் ஒரு கையைத் தூக்கியது.

டோனர் குடைத்துணியை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வெறுங்கண்ணுக்கு அங்கே தகதகவென்று வெயில் மட்டுமே. மறுபடி குனிந்தார். தலை, தோள், முழங்கை எல்லாம் கத்தரித்து ஒட்டியது போலத் துல்லியமாக ஓர் ஆள், சூரியனில் கால்வாசி உயரத்துக்கு. தூக்கிய கை காதருகே போய் நின்றது. அந்த ஆள் இவர் பக்கமாகத்தான் திரும்பி நிற்கிறார் என்று ஏனோ நிச்சயமாகத் தோன்றியது. இரண்டு நிமிடத்தில் சூரியன் அடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமையும் அந்த ஆள் இருந்தார். டோனர் அன்றைக்குத்தான் கவனித்தார்: சூரியன் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விழுவதில்லை, அந்தப் பருவத்தில் நாளுக்கு எட்டொன்பது அடி அந்தக் கட்டிடத்தின் மேல் நகர்ந்து போகும். நேற்று நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் இன்று அந்த ஆள் வட்டத்துக்குள் வந்திருக்கவே கூடாது. ஆளும் சூரியனோடு நகர்ந்திருந்தார்.

புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை, இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்த உருவத்துக்குக் கால்களும் தெரிந்தன. கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்றிருந்தார்.

அக்காவைக் கூப்பிட்டார். அவள் நெற்றியில் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “எங்கடா? ஒண்ணும் தெரியலையே. வெயிலுக்குள்ள நின்னா யாரு கண்ணுக்குத் தெரியும்?”

சும்மா கேட்டதுதான். டோனருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே பார்க்க முடியாத ஒரே இடத்தில் ஒருவர் தினமும் வந்து நிற்கிறார். அது தெரிந்தது இவர் ஒருவருக்குத்தான்.

வெள்ளிக்கிழமையும் ஆள் சுவர் மேல் நின்றார். சனிக்கிழமை மதியம் டோனர் அந்தக் கட்டிடத்துக்குப் போனார். வாசலில் காவலாளி டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மேல யாரும் இல்ல சார். நான் வந்து ஆறு வருஷமாச்சு, மாடிக் கதவையே திறந்ததில்ல.”

“ஒரு தடவை பாத்துடலாமே அண்ணே. பைப்பு ஏதாவது விழுந்துடப் போகுது.”

துருப்பிடித்த பூட்டைத் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. படிகளில் கணுக்கால் வரை புழுதி. ஒரு காலடித் தடம் இல்லை. மாடியும் வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் கைப்பிடிச் சுவரின் மேல், வரிசையாக, அளந்து வைத்தது போல ஐந்து அரைச் செங்கற்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று எட்டு தூரம்.

“இதை யாரு வெச்சது?” என்றார் காவலாளி. பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிவிட்டார்.

டோனர் ஐந்தாவது செங்கல்லிலிருந்து எட்டு வைத்துப் பார்த்தார். மூன்று எட்டில் மூலை வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு நாளைக்குத்தான் இடம். இன்றைக்கு மூலை. நாளை சூரியன் கட்டிடத்தைத் தாண்டி வெறும் வெளியில் இறங்கும். தினமும் அதோடு நகர்கிறவர் நாளைக்கு எங்கே கால் வைப்பார்? எட்டிப் பார்த்தார். நாலு மாடிக்குக் கீழே சிமெண்ட் தரை.

வீட்டுக்கு வந்து அக்காவை டெலஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்.

“கண்ணு போயிடும்னு நீதானே சொன்ன?”

“தாள் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. புள்ளி வட்டத்தை விட்டு வெளியே போகாம லேசாத் தள்ளிக்கிட்டே இரு. என்ன தெரியுதோ அதைப் போன்ல சொல்லு. வேற எதையும் தொடாதே.”

“நீ அங்க போய் என்னடா பண்ணப் போற?”

“தெரியலக்கா.”

ஆறு மணிக்குச் சற்று முன்னால் அவர் டெலிபோன் அலுவலக மாடியின் மூலையில் தனியாக நின்றார். காவலாளி சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுவிட்டார். முதுகில் வெயில். எதிரே அவருடைய நிழல் சுவரைத் தாண்டி விழுந்திருந்தது. அந்தத் திசையில் தன் வீட்டைத் தேடினார்.

கூரைகளுக்கு நடுவே சட்டென்று ஒரு வெளிச்சம் பற்றிக்கொண்டது. விளக்கு அப்படி எரியாது. கிழக்கே இன்னொரு சூரியன் கண்ணைத் திறந்து இவரை மட்டும் பார்ப்பது போல இருந்தது. காற்றில் அது நடுங்கி, அணைந்து, மறுபடி எரிந்தது. ஓர் எட்டு இடப்பக்கம் நகர்ந்தால் மங்கியது; திரும்ப வந்தால் கொழுந்துவிட்டது.

வெள்ளித் தாள்! முகம் பார்க்கிற அந்தத் தாள், சூரியனுக்கு நேராக நிற்பதால், வாங்கிய வெயிலை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. சூரியனுக்கும் டெலஸ்கோப்புக்கும் நடுவில் நிற்கிற ஒருவருக்கு மட்டும்தான் அது தெரியும். ஐந்து நாளாக இந்த மாடியில் யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டு மூலைக்குக் கொண்டுவந்தது இவரேதான்.

போன் அடித்தது. “தெரியுதாக்கா?”

“தெரியுது. தலைகீழா நிக்கற. கையைத் தூக்கு… ஆமா, நீதான்.” அதே மூச்சில் அக்கா கேட்டாள்: “பக்கத்துல யாருடா?”

“யாரும் இல்லையே.”

“உன் தோளை ஒட்டி நிக்கறாங்களே.”

அவர் திரும்பினார். சூரியன் நேராகக் கண்ணில் அறைந்தது. பச்சையும் ஊதாவுமாக எல்லாம் கரைந்தது. அந்தக் கரைசலுக்குள்ளிருந்து உலர்ந்த கை ஒன்று வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

“லைட் எரியுது. எடுக்காம நிக்கறீங்களே, நகருங்க” என்றது ஒரு பெண் குரல். அதட்டல் இல்லை, அலுவலகத்தில் சொல்கிற மாதிரி இருந்தது.

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். பேசிக்கொண்டே சுவரின் மேல் ஒரு முழங்காலை ஊன்றிவிட்டார். டோனர் பாய்ந்து இடுப்போடு பிடித்துக்கொண்டு கத்தினார்: “அக்கா, குடைத்துணி! அதைக் குழாய் வாயில போர்த்து!”

வெளிச்சம் அணைந்தது.

அந்த அம்மா அப்படியே நின்றார். காதருகே போன கை இறங்கியது. “கட் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரிலிருந்து இறங்கினார்.

பக்கவாட்டில், வாசலிலிருந்து தெரியாதபடி இருந்த இரும்புப் படி வழியாக அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார் டோனர். அது ஊழியர் குடியிருப்புக்குப் போகிற வழி. அந்த அம்மாவின் வீட்டில் மகன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“துணி எடுக்கத்தான் போறாங்கன்னு நினைச்சேன் சார். முப்பத்தோரு வருஷம் இந்தக் கட்டிடத்துல ஆபரேட்டர். அப்பல்லாம் போர்டுல லைட் எரியும், எரிஞ்சா மூணு எண்ணறதுக்குள்ள எடுத்தாகணும். போன வருஷத்துலேர்ந்துதான் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா…”

“செங்கல் வெச்சது நான்தான்” என்றார் அந்த அம்மா தானாகவே. “எந்த லைன்னு மறந்துடக் கூடாதில்ல. அஞ்சு நாளா ஒரே பார்ட்டிதான் கூப்பிடுது. எடுத்தா பேசறதே இல்ல. மூச்சு மட்டும் வாங்குது.”

குடைத்துணிக்குள் அசையாமல் குனிந்திருக்கும்போது டோனருக்கு மூச்சு வாங்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மகன் இரும்புப் படிக்குச் சங்கிலி போட்டான். டோனர் சூரியன் பார்ப்பதைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். உயரே ஏறிவிட்ட காலை வெயிலைத் தாள் திருப்பி அனுப்பினால் அது ஆகாயத்துக்குத்தான் போகும், யாரையும் கூப்பிடாது.

ஒரு மாதம் கழித்து மகன் தேடிக்கொண்டு வந்தான். “அம்மா சரியாச் சாப்பிடறதில்ல சார். லைன் செத்துப் போச்சுன்னு சொல்லிக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காங்க. எங்க ஜன்னல் உங்க மாடிக்கு நேராத் தெரியுது. வாரத்துல ஒரு நாள், ஒரு அஞ்சு நிமிஷம்…”

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கழற்றிய நீளக் கண்ணாடி ஒன்று டோனரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதை வெயிலில் சாய்த்து, கம்பி போட்ட அந்த ஜன்னலுக்கு வெளிச்சத்தை அனுப்புவார். கம்பிக்குப் பின்னால் ஒரு கை காதுக்குப் போகும். ஐந்து நிமிடம் கழித்துக் கவிழ்த்து வைப்பார். அந்த அம்மா சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக மகன் சொன்னான். மழைக்காலம் வரை இது நல்லபடியாகவே நடந்தது.

ஒரு ஞாயிறு காலையிலிருந்தே அடைமழை. சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தது. மறுநாள் தெருவில் மகன் எதிர்ப்பட்டான்.

“ரொம்ப தேங்க்ஸ் சார், மழையிலயும் விடாம லைட் அனுப்பினீங்களே. நேத்து அம்மா அரை மணி நேரம் பேசினாங்க. அவ்வளவு சந்தோஷமா அவங்களை நான் பாத்தே நாளாச்சு.”

டோனர் அவன் முகத்தையே பார்த்தார். “என்ன பேசினாங்க?”

“யாருக்கோ லைன் கொடுத்தாங்க சார். ‘இருங்க, சூரியனைப் பாக்கறவர் வீட்லதான் இருக்காரு, இதோ கூப்பிடறேன்’னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.” அவன் சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனான்.

அன்றிரவு டோனர் மாடிக்கு ஏறவில்லை. கீழே கூடத்தில் பாயை விரித்துக்கொண்டார். என்னடா விசேஷம் என்று மாமா கேட்டதற்கு, மேலே ஒரே புழுக்கமாக இருக்கிறது என்றார். வெளியே மழை விட்டு, ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.