மேற்கு அறையில் செல்வதாஸ் பூட்டி வைத்தது

குமரி மாவட்டத்தில் சிதறாலுக்கு அடுத்த ஊரில், ரப்பர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் செல்வதாஸ். அத்தனை வருஷத்தில் மேலிடத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையைக்கூட அவர் மீறியதில்லை. ஆகவே, சுற்றுச்சூழல் ஞாயிறன்று சபையில் 'இல்லத்தைப் பசுமையாக்க இருபத்தொரு வழிகள்' என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தபோது, மற்றவர்கள் அதை விசிறியாக்கிப் பிரசங்கத்தைக் கடந்தார்கள். செல்வதாஸ் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை முதல் வீட்டில் ஆட்சி மாறியது. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்கு. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. விருந்தாளி என்றால் ஒன்றரை. காய்கறித் தோலுக்கு மூன்று மண்பானைகள், மேலே சருகு. சந்தைக்கு அவர் மூடி போட்ட தூக்குவாளியோடு போவதைப் பார்த்து மீன்காரி கேட்டாள்: "சாரே, சாளை வாங்க வந்தியளா, பால் கறக்க வந்தியளா?" பால் கவர்களைக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். பழைய ஆபீஸ் சட்டைகளைப் பையாக வெட்டித் தைக்கக் கொடுத்தார். தையல்காரர் சட்டைப்பையைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டதால், அந்த ஊரிலேயே மைக்கறை படிந்த பாக்கெட்டோடு கடைக்குப் போகும் பை அவரிடம் மட்டும்தான் இருந்தது.

மனைவி தங்கபாய் பொறுமைசாலி. "ஒரு மனுஷனுக்கு ஒண்ணு ரெண்டு கிறுக்கு இருக்கலாம்," என்பாள். "இருபத்தொண்ணு தாங்காது."

பதினேழாவது வழி, ரசாயனம் இல்லாமல் தரை துடைப்பது. அன்னாசித் தோல், கருப்பட்டி, தண்ணீர் மூன்றையும் பாட்டிலில் அடைத்து மூன்று மாதம் புளிக்கவிட வேண்டும். தினமும் மூடியைச் சற்றுத் திறந்து காற்றை வெளியேற்றுவது முக்கியம். செல்வதாஸ் பன்னிரண்டு பாட்டில் போட்டார். காலை ஜெபம் முடிந்ததும் வரிசையாக மூடி திறந்து மூடுவது அவருடைய அன்றாட ஊழியமாயிற்று.

இப்படிப்பட்ட நல்ல காலத்தில்தான் மகன் எபினுக்குப் பெண் அமைந்தது. எபினுக்கு மஸ்கட்டில் வேலை. பெண் பிரீனாவின் வீட்டார் சுசீந்திரம் பக்கம். சனிக்கிழமை வீடு காண வருகிறோம் என்று தகவல் வந்தது. வீடு காண்பது என்றால் வெளிப்பேச்சுக்குக் காப்பி குடிக்க வருவது. உண்மையில் கிணற்றின் ஆழம் முதல் குளியலறைக் கதவின் கொண்டி வரை பார்த்து மனசில் மார்க் போட்டுப் போவது.

வெள்ளிக்கிழமை காலையில் தங்கபாய் தீர்ப்புச் சொன்னாள். "எபினுக்க அப்பா, நல்லா கேட்டுக்கிடுங்க. நாளைக்கு வாறவங்க கண்ணில இதில ஒண்ணு பட்டு எனக்க பிள்ளைக்க கல்யாணம் முடங்கிச்சுன்னா, பழைய சாமான் எடுக்க ஆக்கர் கடைக்காரனை விளிச்சு எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துருவேன். கூட உங்களையும்."

"கிணத்துக்குப் பின்னால ஒதுக்கி வச்சிரட்டா?"

"கிணத்தைத்தான் முதல்ல எட்டிப் பாப்பாவ!"

மிச்சம் இருந்தது மேற்கு அறை. எபின் அனுப்பிய பணத்தில் கட்டியது, ஏசி மாட்டியது. மின்சாரத்தை மிச்சப்படுத்து என்று நாலாவது வழி சொன்னதால் அந்த ஏசியை இன்னும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பானை, பாட்டில், வாளி, கொடியோடு சேர்த்துப் பால் கவர்கள் எல்லாம் அதற்குள் போயின. செல்வதாஸ் கதவைப் பூட்டி, சாவியைப் பைபிளுக்குப் பின்னால் வைத்தார். மகனுடைய கல்யாணக் கவலையில் மறுநாள் காலை மூடி திறக்கும் ஊழியம் மறந்துபோயிற்று.

வேனில் பதினாறு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா ராஜையன் சாது, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவருடைய அக்கா கிரேசி, ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் உட்காரவில்லை. அடுக்களையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார். கடைசியில் மேற்கு அறை வாசலில் வந்து நின்றார்.

"இது என்ன, பூட்டியிருக்கு?"

"சாவி காணல்ல," என்றார் செல்வதாஸ்.

"பெயின்ட் அடிச்சிருக்கு," என்றாள் தங்கபாய், அதே நொடியில்.

வீடு காண வந்தவர்களுக்குப் பூட்டிய அறையைவிடப் பிரியமானது ஒன்றும் இல்லை. பதினைந்து பேரும் எழுந்து வந்தார்கள். அப்போது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கதவிடுக்கு வழியாகக் கருப்பட்டியும் பழமும் புளித்த வாடை மெதுவாக வெளியே வந்து எல்லாரையும் விசாரித்தது.

ராஜையனின் சிரிப்பு நின்றது. "அக்கா, இது… கள்ளு வாடையில்லா?"

"கள்ளில்ல. அதுக்கும் மேல," என்றார் கிரேசி. "எங்க குடும்பத்தில மூணு தலைமுறையா ஒருத்தரும் தொட்டதில்ல, அண்ணாச்சி. இங்க பூட்டுப் போட்டுச் சாராயம் காய்ச்சுதியளா?"

காப்பித் தம்ளர்கள் ஒவ்வொன்றாக மேஜைக்குத் திரும்பின. வேன் டிரைவரை யாரோ கூப்பிட்டார்கள். தங்கபாய் கணவரைப் பார்த்த பார்வையில் ஆக்கர் கடை தராசு ஆடியது. மகனுடைய கல்யாணம் பன்னிரண்டு பாட்டிலில் முங்கிப்போகிறதே! செல்வதாஸ் பைபிளை நகர்த்தி, சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

கிரேசி முதலில் நுழைந்தார். தலையில் ஈரமான பால் கவர் ஒன்று தட்டியது. அதை விலக்கினார், இன்னொன்று. ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கொடியில் பால் கவர், எண்ணெய் கவர், உப்புக் கவர். கீழே சருகு மூடிய பானைகள். சுவரில் ஒட்டிய இருபத்தொரு வழிகள், பக்கத்தில் சிவப்பு மையில் டிக். இரண்டு மூடி தெறித்துத் தரையில் அன்னாசிச் சாறு ஓட, பாட்டில்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஆபீஸ் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'தரை துடைக்க மட்டும். குடிக்கலாகாது.'

கிரேசி ஒரு பாட்டிலை முகர்ந்தார். சாறு ஓடிய இடத்தைக் கர்ச்சீப்பால் துடைத்துப் பார்த்தார், டைல்ஸ் பளிச்சென்றது. பிறகு கொடியை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து குலுங்கிக்கொண்டு வந்தது.

"ஏ ராஜையா, இஞ்ச வா! காய்ச்சுகவன் எவனாவது பால் கவரைக் கழுவிக் காயப்போடுவானாலே? இது குடியில்ல. வெறும் கிறுக்கு!"

"வெறும் கிறுக்குதான்," என்றாள் தங்கபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

தன்னைக் கிறுக்கன் என்று இரண்டு குடும்பமும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டதைக் கேட்டுச் செல்வதாஸுக்கு வந்த நிம்மதி, ஓய்வூதிய உத்தரவு வந்த நாளில்கூட வரவில்லை. தம்ளர்கள் மறுபடி கைக்குப் போயின.

"ஆனா அண்ணாச்சி," கிரேசி விடவில்லை, "கல்யாணத்துக்குப் பொறவு பிள்ளையள் இருக்கப்போறது இந்த அறையிலதானே? பானையெல்லாம் கிணத்துக்குப் பின்னால போகணும். இந்த ஏசி ஓடுமா?"

"ஓடும். நாலாவது வழிப்படி இருபத்தாறில வைக்கணும்."

"பிரீனா இருபத்துநாலில வைப்பா."

செல்வதாஸ் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், தங்கபாயைப் பார்த்தார். தாளை மறுபடி பார்க்கத் துணியவில்லை.

"இருபத்தஞ்சு," என்றார்.

"சரி," என்றார் கிரேசி. இப்படியாக இரு குடும்பங்களும் இருபத்தைந்து டிகிரியில் சம்பந்தம் பேசி முடித்தன.

புறப்படும்போது முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் பழைய சட்டையில் தைத்த பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார்கள். கிரேசி பையைத் திருப்பிப் பார்த்து, மைக்கறை பாக்கெட்டில் தன் செல்போனைச் செருகிக்கொண்டு வேனில் ஏறினார்.

எட்டாம் நாள் அந்தப் பை திரும்பி வந்தது, வயிறு புடைத்து. சம்பந்தி வீட்டிலிருந்து முதல் சீர்! தங்கபாய் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக அவிழ்த்தாள். உள்ளே பால் கவர்கள். கழுவி, நீவி, நூல் போட்டுக் கட்டிய நாலு கட்டு. சொல்லி வைத்ததுபோல் கிரேசியின் போன் வந்தது.

"இப்பம் வீசிப்போட மனசு வரல்ல அண்ணாச்சி. எங்க வீட்டில கொடி கெட்டுகதுக்கு இடமும் இல்ல. இனி மாசாமாசம் அனுப்பிவிடுகேன், என்ன?"

செல்வதாஸ் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். தங்கபாய் ஒரு கட்டை எடுத்து உதறிப் பார்த்தாள். ஒட்டிய பால் ஒரு துளி இல்லை. ஈரம் மட்டும் இன்னும் காயவில்லை.

"எபினுக்க அப்பா," என்றாள், "கிணத்தடியில இன்னொரு கொடி கெட்டுங்க."