கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீர்

அந்த வருஷம் கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது. தை பிறந்தபோது எங்கள் கண்மாய் மடைக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீர்தான் கிடந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் எல்லா வயலும் விளைந்துவிடும், ஆனால் கண்மாய் காய்ந்துபோகும். கரையடியில் இருக்கிற கிணறுதான் ஊருக்கே குடிதண்ணீர். கண்மாய் வற்றினால் அதுவும் உப்பாகிவிடும். ஆடுமாடுகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

கரையில் ஊர் கூடியது. என் கொழுந்தனாருக்கு மடையை ஒட்டி வயல். எங்களுக்கு வாய்க்கால் முடிகிற கடைமடையில்.

"மடையத் தொறந்து விடுங்க. இம்புட்டுப் பாடுபட்டதும் பதராப் போகவா?" என்றார் கொழுந்தனார்.

"தொறந்துட்டா சித்திரையில தண்ணிக்கு எங்கன போறது? லாரி வரும்னு ரோட்டுல கொடத்தோட நிக்கவா?" என்று கேட்டேன். ஊர்க்கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கமும் சொன்னது நியாயம்தான். வெயில் ஏறும்வரை பேசியும் முடிவு வரவில்லை. பிறகு நான்தான் சொன்னேன்:

"மடைப் பக்கத்து வயலுக்கு மட்டும் பாய்ச்சுவோம். கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதித் தண்ணிய வாய்க்காலே குடிச்சிரும். முழங்கால் அளவுக்கு எறங்குனதும் அடைச்சிருவோம்."

"அப்ப நம்ம வயலு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வந்தது வரட்டும்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். "மதினி, ஒங்கள விட்டுட்டு நாங்க மட்டும் அள்ளிட்டுப் போனா நல்லாருக்காது. எங்க களத்து நெல்லுல கடைமடைக்காரங்களுக்கும் பங்கு குடுத்துருவோம்" என்றார். ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர்கள் சம்மதித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மடையை அடைத்தோம். எங்கள் வயலில் பாதிக்கு மேல் பதர். அறுத்த அன்று வரப்பில் உட்கார்ந்து அழுதேன். மறுவாரமே கொழுந்தனார் நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

கோடையில் கிணறு ஆழத்துக்குப் போனது, ஆனால் உப்புக் கரிக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்களும் எங்களிடம் வந்து இறைத்துப் போனார்கள்.

இப்போதெல்லாம் விதைப்புக்கு முன்பே கரையில் கூடிப் பேசிவிடுகிறோம். கடைமடையில் நெல்லை விட்டுவிட்டு இந்த வருஷம் மிளகாய் போட்டிருக்கிறோம். குறைந்த தண்ணீரிலேயே செடி தழைத்து நிற்கிறது. இன்று காலை என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து, "பூ எடுத்திருச்சு, வந்து பாரு" என்று கூப்பிட்டார்.