நெஞ்சுக்குள் போன புழுதி

லாமொண்ட் ஊருக்குத் தெற்கே, பட்டுப்போன பாதாம் தோட்டத்தில் நானும் மௌரோவும் ஒரே குழியில் நின்று குழாய் பதித்தோம். ஆகஸ்ட் மாதம். நான்கு மாதமாகக் கலிபோர்னியாவில் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு சொட்டு மழை இல்லை. இயந்திரம் மரத்தை வேரோடு சாய்க்கும்போதெல்லாம் எழுந்த புழுதியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேட்டோம். "நாளைக்கு லாரி வரும்" என்றார் மேஸ்திரி. வரவேயில்லை.

எனக்கு ஒரு வாரம் இருமல் வந்து போனது. மௌரோ நன்றாகத்தான் இருந்தான். மாதக் கடைசியில் அவனும் அவன் மனைவி நிகோலாசாவும் வழக்கம்போல் பேரிக்காய் பறிக்க வடக்கே ஆரிகனுக்குப் போனார்கள். அங்கே போய்ப் படுத்துவிட்டான்.

முப்பத்தெட்டு வயது ஆள். ஏணி மேல் நின்று சத்தமாகப் பாடி, கீழே இருப்பவர்களிடம் திட்டு வாங்குகிறவன். ஆறு வாரத்தில் அவனுக்கு ஏணியைத் தூக்கவே தெம்பில்லை. நிமோனியா என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. பிறகு நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அன்று நிகோலாசா எனக்குப் போன் செய்தாள்.

"பெர்த்தாக்கா, நெஞ்சுல கட்டி இருக்காம். புத்துநோயா இருக்கலாமாம். நுரையீரல்ல ஒரு பக்கத்த அறுத்து எடுக்கணுமாம்."

"கையெழுத்து போட விடாதடி!" என்று கத்தினேன். "என் சித்தப்பா மகனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இது நம்ம பள்ளத்தாக்குக் காய்ச்சல். மண்ணுல இருக்கிற பூஞ்சை, புழுதியோட நெஞ்சுக்குள்ள போறது. ரத்தத்துல பாக்கச் சொல்லு."

எங்கள் ஊரில் இரண்டு வாரம் இருமினால், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண்ணே முதலில் இதைத்தான் கேட்பாள். அங்கே கேட்க ஆளில்லை.

மறுநாள் நிகோலாசா டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள். நடுவில் போனில் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"அது இந்தப் பக்கம் வர்ற வியாதி இல்லீங்களே" என்றார் டாக்டர்.

"நாங்களும் இந்தப் பக்கத்து ஆளுங்க இல்லீங்களே, டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

ஆறு வாரத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார். அறுவை சிகிச்சையை நிறுத்திவைத்து, ரத்தத்தைச் சோதனைக்கு வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது.

அந்தப் பத்து நாளில் மௌரோவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. சோளரொட்டி ஒரு வாய் போனாலும் வெளியே வந்தது. ஒன்பதாம் நாள் அவன் நிகோலாசாவைச் செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "யோவ், நான்யா, என்னப் பாருய்யா" என்று அவன் கன்னத்தைத் தட்டியிருக்கிறாள். பார்த்தானாம், யாரையோ பார்ப்பதுபோல.

முடிவு வந்தது. அதே காய்ச்சல்தான். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தபோது, பூஞ்சை மூளையின் உறைவரை போயிருந்தது.

"எந்த ஊருன்னு நாங்க முதல் நாளே கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். அதை வைத்துக்கொண்டு நிகோலாசா என்ன செய்வாள்? சரியான மருந்து தொடங்கி மூன்று வாரம் கழித்து, "இதில் பழகிய டாக்டர்கள் உங்கள் பக்கம்தான் இருக்கிறார்கள்" என்று அனுப்பிவைத்தார்கள். பின்சீட்டில் அவனைப் படுக்கவைத்துப் பதினாலு மணி நேரம் தனியாக வண்டி ஓட்டி வந்தாள்.

இப்போது மௌரோ சுவரைப் பிடித்து நடக்கிறான். தினமும் மாத்திரை, சாகும்வரை. நிறுத்தினால் திரும்ப வரும். நிகோலாசா கேரட் கழுவிப் பையில் போடும் கொட்டகையில் நின்று வேலை செய்கிறாள்.

"எங்கயாவது போயிரலாம்னு நெனைக்கிறேன்க்கா" என்றாள் போன வாரம், நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது. "எங்க போக? இந்த நோய் தெரிஞ்சவங்க இங்கதான இருக்காங்க."

வெளியே புழுதிக்காற்று கிளம்பியிருந்தது. அவள் நனைத்த துண்டுகளை ஜன்னல் இடுக்கில் திணித்தாள்.

"எதுக்குடி அடைக்கிற?" என்றான் மௌரோ கட்டிலிலிருந்து. "உள்ள வர வேண்டியது வந்தாச்சு."

சிரிக்கத்தான் பார்த்தான். இருமல் பிடித்துக்கொண்டது. நிகோலாசா ஓடிப்போய் அவன் முதுகைத் தாங்கினாள். மிச்சத் துண்டுகளை நான் வாங்கி அடைத்தேன்.