வராதவர்களின் கையெழுத்து

சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் நூலகத்துக்குள் வந்து படிக்க ஏதாவது கேட்டால் நூலகருக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. அவர் கேட்டது வாசல் மேஜையில் கிடக்கும் வருகைப் பதிவேட்டை.

ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டின் மகிமையைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நூலகர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

1. சுற்றறிக்கை

அப்போது நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இப்போது அங்கே இருக்கிற பெண் பாவம், நல்ல பெண். எனக்குச் சொந்த ஊர் திருநாவலூர், அதனால் வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய்வருவேன். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது.

ஏப்ரல் கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மே மாதம் முழுவதும் எல்லாக் கிளைகளிலும் கோடை நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும். காலையில் குழந்தைகளுக்குக் கதை நேரம், சனிக்கிழமை ஓவியப் போட்டி, சாயங்காலம் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு வழிகாட்டல், வாசலில் மோர்ப்பந்தல். இவ்வளவும் படிக்க நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரியில்தான் விஷயம். வருகையாளர் எண்ணிக்கை குறைந்த கிளைகள் பகுதிநேரக் கிளைகளாக மாற்றப்படும்.

நிகழ்ச்சிகளை நடத்தினோம். கதை நேரத்துக்குப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். நான் ராஜகுமாரனைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தும் நேரத்தில் ஒரு பொடிப்பெண் கையைத் தூக்குவாள். "அக்கா, ராஜாவ சீக்கிரம் வூட்டுக்கு அனுப்புங்க. மோர் தீர்ந்துடும்." பெரியவர்களும் அப்படித்தான். முதல் காரணம் மின்விசிறி, இரண்டாவது மண்பானைத் தண்ணீர். தினசரிப் பேப்பரை நான்காகப் பிரித்துத் தாளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நாற்பது பேரைத் தாண்டாது. சுற்றறிக்கை கேட்டது அதற்கு மேல்.

என் உதவியாளர் கலியபெருமாள் என்னைவிட வயதில் பெரியவர், அனுபவத்திலும் பெரியவர். சாயங்காலம் கதவைப் பூட்டும் முன் பதிவேட்டை உள்ளே எடுத்துப்போவார். நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனா வைத்திருந்தார். இடது கையாலும் எழுதுவார். ஊரில் யார் யார் வந்திருக்கக்கூடுமோ அவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

முதல் தடவை பார்த்தபோது பதறிப்போய், "இது தப்பில்லீங்களா?" என்றேன்.

"தப்புதான் மேடம். வராதது அவங்க தப்பு. நாம இன்னா பண்றது?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்காததோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து, "எல்லாரும் பத்து மணிக்கே வந்த மாதிரி இருக்கே, கொஞ்சம் நேரத்தை மாத்தி எழுதுங்க" என்று திருத்தமும் சொன்னேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2. மறியல் அன்று

அந்த மே மாதத்தில் ஒரு நாள் சாலை மறியல். புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டார்கள். கடைகள் அடைப்பு, பஸ் கிடையாது, சின்னசேலம் போகிறவன் நடந்தே போக வேண்டியதுதான். நாங்கள் அரசு அலுவலகம் ஆயிற்றே, திறந்து வைத்தோம். கதை கேட்க ஒரு பிள்ளையும் வரவில்லை. மோரை நானும் கலியபெருமாளும் குடித்தோம்.

ஒன்பது மணிக்கு ஒரே ஒரு வாசகர் வந்தார். கல்வராயன் மலையிலிருந்து மாதம் இரண்டு மூன்று தடவை இறங்கி வரும் இளைஞர். ஆசிரியர் பயிற்சி முடித்தவர். மலைப் பள்ளி ஒன்றில் வேலைக்குத் தேர்வாகிவிட்டது, போலீஸ் விசாரணை அறிக்கை ஒன்றுதான் பாக்கி என்று போன தடவை சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். அந்தக் காகிதம் எங்கே நிற்கிறது என்று விசாரிக்க முந்தின நாள் இறங்கி வந்தவர், திரும்பிப் போக பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார்.

வாசல் மேஜையில் பதிவேடு இல்லை. மறியல் ஆட்கள் கல் எறிவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கலியபெருமாள் அதைக் காலையிலேயே உள்ளே கொண்டுபோய், அன்றைய வருகையாளர்களை எழுத ஆரம்பித்திருந்தார்.

"கையெழுத்து எங்க மேடம் போடறது?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

"அப்புறம் போட்டுக்கலாம், நீங்க போய்ப் படிங்க" என்றேன்.

மதியம் வழக்கமாகப் பூட்டுவோம். அன்றைக்கு அவர் போக இடமில்லாததால் பூட்டவில்லை. என் தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணிவரை அவர் தலை நிமிரவில்லை. கையெழுத்து விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோனது. ஐந்து மணிக்கு மலை பஸ் வருமா என்று பார்க்கிறேன் என்று கிளம்பிப் போனார்.

3. எஸ்.ஐ. படித்த பக்கம்

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார் சப் இன்ஸ்பெக்டர் தேவநாதன். முரட்டு மீசை, ஆனால் நியாயமான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மேஜையில் வைத்தார்.

"நேத்து மரம் கெடந்த எடத்துல முப்பது பேரைப் புடிச்சி மண்டபத்துல வச்சிருக்கோம். அதுல ஒருத்தன், நான் மறியலுக்கே வரல சார், நாள் பூரா லைப்ரரில படிச்சிக்கினு இருந்தேன், அஞ்சு மணிக்கு பஸ் பாக்க வந்தவனப் புடிச்சிட்டாங்கன்னு அழுவறான். நெசமா பொய்யான்னு பாக்க வந்தேன். நாலு மணிக்கு லிஸ்ட் கோர்ட்டுக்குப் போயிடும். அந்த நோட்டக் குடும்மா."

யார் அது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் விசாரணை அறிக்கை என்ன ஆகும், அந்த வேலை என்ன ஆகும் என்பதும் புரிந்தது. நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அறுபத்து மூணு பேரா? நேத்தா? பரவாயில்லியே, ஊரே படிப்புல எறங்கிடுச்சி. ராமலிங்கம், டீக்கடை. காலைல ஒன்பதரை. இவன் மரத்து மேல குந்திக்கினு கோஷம் போட்டத நானே பாத்தேன். அதே ஒன்பதரைக்கு இங்க வந்து பேப்பர் படிச்சானா? பலே ஆளு."

கலியபெருமாள் அலமாரிக்குப் பின்னால் போய் ஏற்கெனவே அடுக்கியிருந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்.

எஸ்.ஐ.யின் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார். "நாப்பத்தி ஏழாவது பேரு இன்னாம்மா?"

எட்டிப் பார்த்தேன். பச்சை மையில், நல்ல அழகான கையெழுத்தில், "தேவநாதன், சப் இன்ஸ்பெக்டர், மாலை 4.10" என்று இருந்தது.

"நாலு பத்துக்கு நான் கல்லடி வாங்கிக்கினு இருந்தேன்மா. இங்க வந்து இன்னா புத்தகம் படிச்சேன்? அதையாவது சொல்லுங்க, வூட்ல சொல்றேன்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆபீசருங்க பேரு நடுவுல ஒண்ணு இருந்தா நோட்டுக்கு ஒரு கெத்து சார்."

எஸ்.ஐ. நோட்டை மூடினார். சிரிப்பை அடக்கிக்கொண்டதுபோல இருந்தது, ஆனால் அடுத்த கேள்வியில் சிரிப்பு இல்லை. "சரி, நெசமா நேத்து யாரு வந்தது?"

"ஒருத்தர்தான் சார். நீங்க சொல்ற அவருதான். காலையிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருந்தாரு."

"அவன் பேரு இன்னா?"

வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. ஆறு மாதமாக வந்துபோகிறவர், முந்தின நாள் என் சாப்பாட்டில் பாதி சாப்பிட்டவர். "மலையிலேர்ந்து வருவாரே சார், அவரு" என்றேன்.

"நோட்டுல இல்ல. பேரும் தெரியல. கோர்ட்ல இத வச்சி நான் இன்னா பண்றது? எழுத்துல குடுங்க. நேத்து அந்த ஒருத்தனத் தவிர யாரும் வரல, மீதி எல்லாம் நாங்க எழுதினதுன்னு கையெழுத்து போட்டுக் குடுங்க. நாலு மணிக்குள்ள வந்தா அவன விடறேன். அவன் பேரு பெரியசாமி. குறிச்சிக்கங்க."

அவர் போனதும் கலியபெருமாள் முன்னால் வந்தார். இப்போது முகத்தில் குறும்பு இல்லை. "மேடம், எழுதிக் குடுத்தா வேல போயிடும். எனக்கு மூணு பொண்ணு."

எனக்கும் பயம்தான். இரண்டு வருஷ சர்வீஸ், வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். பேசாமல் இருந்துவிடலாம், எஸ்.ஐ.யே இரக்கப்பட்டு விட்டுவிடுவார் என்று ஒரு மணி நேரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வராத அறுபத்து மூன்று பேருக்கு நோட்டில் இடம் கொடுத்துவிட்டு, வந்த ஒருவருக்கு இடம் கொடுக்காதது நான். அது மனதை விட்டுப் போகவே இல்லை. ஒரு மணிக்கு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன். "எல்லாம் என் பொறுப்பில் நடந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கலியபெருமாள் பேரை எழுதவில்லை. அவர் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.

4. மண்டபம்

பிடித்தவர்களை வைத்திருந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். எஸ்.ஐ. நோட்டில் படித்த செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் டீக்கடை ராமலிங்கம் எழுந்து வந்தார். ஆள் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம் இது? நான் உங்களுக்கு இன்னா துரோகம் பண்ணேன்? நாலு மணி நேரம் வெயில்ல குந்தி, முதுகுல லத்தி வாங்கினவன் நானு. லைப்ரரில ஃபேனுக்குக் கீழ பேப்பர் படிச்சிக்கினு இருந்தான்னு எழுதி வச்சிருக்கீங்களாமே! இவனுங்க எல்லாம் என்னப் பாத்து சிரிக்கிறானுங்க."

பின்னால் ஒருவர், "லைப்ரரி தலைவர் வாழ்க!" என்றார். மண்டபமே சிரித்தது.

"உங்களுக்கு நல்லதுக்குத்தானே அது? மறியலுக்கு வரலன்னு சாட்சி மாதிரி..." என்று இழுத்தேன்.

"எனக்கு இன்னாத்துக்கு சாட்சி? ஒதுக்கீடு வேணும்னு கேட்டுதான் குந்தினேன். நான் குந்தினேன்னு நானே சொல்லுவேன். மொதல்ல எம்பேர அடிங்க."

அடித்துவிட்டதாகத்தான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று தாளைக் காட்டினேன். வாங்கி இரண்டு முறை படித்தார். கோபம் இறங்கிவிட்டது. மூலையைக் கைகாட்டி, "அந்தப் புள்ள ராத்திரிலேர்ந்து ஒண்ணும் துன்னல. சீக்கிரம் குடுங்க" என்றார்.

மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பெரியசாமி உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. தாளைப் படித்து மடித்துப் பையில் வைத்தார். லிஸ்டில் ஒரு பேரின்மேல் கோடு போட்டார். மணி மூன்றேகால்.

மாவட்ட அலுவலகத்தில் எனக்கு ஒரு வருஷ இன்கிரிமெண்ட் வெட்டு. அதிகாரி என் விளக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நூலகத்துக்கு ஆள் வரலன்னு எழுத்துல குடுத்த மொதல் நூலகர் நீங்கதாம்மா. மத்த கிளையில எல்லாம் கூட்டம் தாங்கலியாம்" என்றார். கிளையைப் பகுதிநேரமாக்கும் கோப்பு மட்டும் ஏனோ அவர் மேஜையை விட்டு நகரவில்லை.

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் பெரியசாமி நூலகத்துக்கு வந்தார். மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். நான் மனசார மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, கிண்டலாகத்தான் கேட்டார்.

"ஏம் மேடம், எஸ்.ஐ. பேரெல்லாம் ஞாபகம் வந்து எழுதினீங்க. வராதவங்க அத்தன பேரும் ஞாபகம் வந்தாங்க. எம்பேரு மட்டும் வரலியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் கேட்டதே இல்லப்பா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன், நிறைய சுற்றறிக்கைகள் வந்தன, நிறைய கோடை நிகழ்ச்சிகள் நடத்தினேன். எண்ணிக்கை குறைவு என்று மெமோ வாங்கிய வருஷங்களும் உண்டு. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், புத்தகம் கொடுப்பதற்கு முன்னால் அவர் பெயரைக் கேட்காமல் இருந்ததில்லை.